நெஞ்சுக்குள் ஒரு பிடி மண்

பெட்டியைக் கட்டி வாசலில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஃபெர்மினா அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியைக் களைந்து போட்டாள். முருங்கைக் கீரையை உருவினாள். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கண் மட்டும் அடிக்கொரு தரம் வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது.

இன்னும் சரியாக விடியவில்லை. டெலானோவில் ஆகஸ்ட் மாதம் என்றால் வெயில் ஏறுவதற்கு முன்பே திராட்சைத் தோட்டத்தில் இறங்கிவிட வேண்டும். நாத்தனார் அகபிட்டா வேலைக்குக் கிளம்பி, மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தவள், பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"என்னடி இது, காலங்காத்தால வாசல்ல பெட்டி? யாரு ஊருக்குப் போறா?"

"நெனிதா போறா அக்கா. எமில்டா கார் எடுத்துக்கிட்டு வர்றா."

"ஸ்டாக்டனுக்கா? பள்ளிக்கூடம் தொறக்கப் போற நேரத்துல என்ன விருந்தாடல்?"

"விருந்தாட இல்ல..." ஃபெர்மினா கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. "இனிமே அங்கதான். அவ அம்மாகிட்டயே இருக்கட்டும்."

அகபிட்டா முகத்துத் துணியை அவிழ்த்துவிட்டாள். திட்டுவதற்கு வாய் வேண்டுமே!

"அவ அம்மாவா? யாருடி அவ அம்மா? பத்தொம்பது வயசுல ஒருத்தனை நம்பி ஏமாந்து, தொப்புள்கொடி கூட உதிராத புள்ளைய உன் மடியில போட்டுட்டுப் போனாளே எந்தங்கச்சி, அவளா? பதினாலு வருஷம் ராப்பகலாத் தூக்கி வளத்துட்டு, இப்ப தோளுக்கு மேல வளந்து நிக்கறப்போ பாரமாப் போச்சா உனக்கு? பூனை கூடக் குட்டியை வாயில கவ்விக்கிட்டுத்தான் போகும். நீ என்ன ஜென்மம்?"

"அக்கா, மெதுவா... தூங்கறா."

"எந்தம்பிக்குத் தெரியுமா?"

தாசியோவுக்குத் தெரியாது. ஃபெர்மினாவின் புருஷன் தாசியோ, அந்த ஊர் ஆண்கள் பலரையும் போல, கோடையில் அலாஸ்காவுக்கு மீன் பதப்படுத்தும் வேலைக்குப் போயிருந்தான். திரும்பிவரச் செப்டம்பர் கடைசி ஆகும். அவன் இருந்தால் இது நடக்காது என்பதால்தான் இவ்வளவு அவசரம்.

"நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

"சொல்லிப்பே, சொல்லிப்பே! உன் வயித்துல ஒண்ணு தங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு." இதைச் சொல்லிவிட்டு அகபிட்டா படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எந்த வார்த்தையைச் சொன்னால் எங்கே குத்தும் என்று வீட்டு மனிதர்களுக்குத்தானே தெரியும்! ஃபெர்மினா அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இருமல் வந்தது. அழுகையை அடக்குவதற்காக வாயில் அடைத்திருந்த கைத்துண்டு இருமலையும் அடக்கிக்கொண்டது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள்? பாரமாகவா போயிற்று? ஐயோ, அந்தப் பெண் இருமினால் இவளுக்குக் காய்ச்சல் வரும். அப்படி வளர்த்தவள்!

வசந்த காலத்திலிருந்து அவளுக்கு இருமல். டெலானோவில் இருமலுக்கு யாரும் பயப்படுவதில்லை. அங்கே உழுத மண்ணில் காற்று கிளம்பினால் ஊரே பழுப்பாகிவிடும். அந்தத் தூசியில் இருக்கும் ஏதோ ஒரு பூஞ்சையால் வருகிற காய்ச்சலைத் தெருவுக்கு இரண்டு பேர் பார்த்திருப்பார்கள். ஃபெர்மினாவும் அதுதான் என்று நினைத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி ஒளிரும் மருந்தை ஏற்றி இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் அதைத் திரையில் காட்டினார். வலது நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி. சுற்றிலும் வேர் விட்டதுபோல் மெல்லிய கோடுகள்.

"தூசிக் காய்ச்சலா இருந்தா ரத்தத்துல தெரிஞ்சிருக்கணும்மா. ஒண்ணும் தெரியல. ஆனா இந்தப் படத்துல பாருங்க, எப்படிப் பளிச்னு எரியுது... மறைக்க வேணாம்னு சொல்றேன். கேன்சராத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்கணும். அடுத்த வாரமே வந்துடுங்க. வீட்ல யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்தாள். அடுத்த வாரம் அவள் போகவில்லை.

எதற்கு உறுதி? அவளுக்குத்தான் தெரியுமே! அவளைப் பெற்றவள், கடலுக்கு அந்தப் பக்கம் சொந்த ஊரான இலோகோஸில், இதே போல இருமி இருமித்தான் போய்ச் சேர்ந்தாள். அப்போது ஃபெர்மினாவுக்கு வயது பதினான்கு. பள்ளிக்கூடத்தை விட்டாள். எச்சில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தாள். கடைசியில் அம்மாவுக்கு அவளையே அடையாளம் தெரியவில்லை. 'யாரு இது, தள்ளிப் போ' என்று கையைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு சித்தி வீடு, ஒரு மாமா வீடு என்று மாற்றி மாற்றி... எந்த வீட்டிலும் அவளுக்கென்று ஒரு தலையணை இருந்ததில்லை.

இப்போது நெனிதாவுக்கும் வயது பதினான்கு. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தான் பட்டதை அந்தப் பெண் படக் கூடாது. தன் வாசனையும் தன் எலும்பும் அந்தக் கண்ணில் பதியக் கூடாது. தான் உயிரோடு இருக்கும்போதே அவள் தனக்கென்று ஒரு வீட்டில், பெற்றவளிடம், ஊன்றி நின்றுவிட வேண்டும். உண்மையைச் சொன்னால் போவாளா? செத்தாலும் போக மாட்டாள்! வெறுத்தால்தான் போவாள்.

வெறுக்க வைப்பது அவ்வளவு சுலபமா என்று கேட்கிறீர்களா? பாசம் வைத்தவரை வெறுக்க வைப்பதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் எதுவுமே இல்லை.

"அம்மா, என் நீலச் சட்டை எங்க? அலமாரியில எதையும் காணோமே..." நெனிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டி?"

ஃபெர்மினா சொன்னாள். நாள் கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்ட வார்த்தைகள். "எமில்டா வர்றா. அவகூடப் போ. நீ என் வயித்துல பொறந்தவ இல்லன்னு உனக்கே தெரியும். சின்னதுல பாவம்னு வாங்கி வச்சுக்கிட்டேன், வளத்தேன். இப்ப எனக்கு அலுத்துப் போச்சு. என்னால முடியல."

நெனிதா முதலில் சிரித்தாள். "என்னம்மா, விளையாடறியா?"

"எனக்கென்ன விளையாட்டு? மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

"நான் என்ன பண்ணேன்? பரீட்சையில மார்க் கொறைஞ்சுதுன்னா? அன்னிக்கு எதுத்துப் பேசினேன்னா? இனிமே பேச மாட்டேம்மா... அம்மா, என்னைப் பாரேன்! என்னைப் பாத்துச் சொல்லு!"

பார்த்தாள். பார்த்தே சொன்னாள். "நீ ஒண்ணும் பண்ணல. எனக்கு வேணாம். அவ்வளவுதான்."

அந்தக் குழந்தையின் முகம் மாறியதை ஃபெர்மினா பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை நின்றது. உதடு இறுகியது. எமில்டா வந்து, எதுவும் புரியாமல், "அண்ணி, நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று பத்துத் தடவை கேட்டு முடித்த பிறகு, பெண் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவர்களில் கிளம்பும்போது பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு விடைபெறுவது வழக்கம். ஃபெர்மினா தன்னை அறியாமல் கையை நீட்டிவிட்டாள். நெனிதா அந்தக் கையைப் பார்த்தாள்.

"வர்றேன் மாமி" என்றாள்.

மாமி! பெற்றவளின் அண்ணன் மனைவி வேறு என்ன முறை? சரியான முறையைத்தான் சொன்னாள். கார் தெருமுனை திரும்பும் வரை ஃபெர்மினா அசையவில்லை. அப்புறம் உள்ளே போய், அந்தப் பெண் தொடாமல் வைத்துவிட்டுப் போன சோற்றை எடுத்து மூடி வைத்தாள். அன்று முழுக்க அதை அவளால் கொட்டவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை.

பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று சொல்லவா? அகபிட்டா பேச்சை நிறுத்திவிட்டாள். பேச வேண்டியதைச் சுவரிடம் பேசினாள். "சில பேருக்கு நெஞ்சு இருக்கற எடத்துல கல்லு இருக்கும் போல" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, தன் சோற்றைப் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். மாதா கோயிலில் ஃபெர்மினா உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. தோட்டத்தில் ஒரு கொடி வரிசைக்கு இருவராகத்தான் இறங்குவார்கள். அவளுடன் சேர்ந்து இறங்க யாரும் வரவில்லை. தனியாகவே குலை வெட்டினாள். தனியாகவே இருமினாள். ஒரு விதத்தில் நல்லதுதான் என்று தோன்றியது. பழகிக்கொள்ளட்டும் எல்லோரும். தான் போன பிறகு யாரும் ரொம்ப அழ வேண்டியிருக்காது.

ஆனால் சாயங்காலம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட பஸ் தெருமுனையில் நின்று கிளம்பும் சத்தம் கேட்குமே, அதற்கு மட்டும் அவளால் பழக முடியவில்லை. அந்தச் சத்தம் வரும் நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள்.

தாசியோ அலாஸ்காவிலிருந்து வந்தான். வரும்போதே பெண்ணுக்கென்று ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கிக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை, அடிக்கவில்லை. குல்லாயை மேசைமேல் வைத்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டா நீங்க விட மாட்டீங்க."

"ஏன் ஃபெர்மினா? எனக்கு ஒரு காரணம் சொல்லு. பொய்யாவாவது சொல்லு!"

"அலுத்துப் போச்சுங்க..."

"அப்ப என்னையும் அலுத்துப் போச்சுன்னு அனுப்பிடு ஒரு நாள்" என்றான். அன்றிலிருந்து கூடத்தில் படுத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டான். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்! 'உங்க பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். சொன்னால் உடனே ஸ்டாக்டனுக்குப் போய்ப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிடுவான். அப்புறம் இத்தனையும் எதற்கு? அந்த வீட்டில் எல்லோருக்கும் நடுவில் இருந்துகொண்டு, அவள் வனாந்தரத்தில் இருப்பவள்போல் இருந்தாள்.

அக்டோபரில் கடைசிப் பழம் வெட்டும் சமயம். காற்று கிளம்பித் தோட்டமே கண் தெரியாமல் புழுதி. அகபிட்டா பக்கத்து வரிசையில் இருந்தாள். கொடிகளுக்கு நடுவே இருமல் சத்தம் கேட்டது, நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தாள். ஃபெர்மினா மண்டி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி சிவப்பாக இருந்தது.

"அடிப்பாவி! என்னடி இது? ரத்தமாடி?"

"ஒண்ணும் இல்லக்கா... நீங்க போங்க..."

"போறதாவது! எந்திரி!"

மேஸ்திரியின் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள் அகபிட்டா. அங்கே டாக்டர் ஃபெர்மினாவைப் பார்த்ததும் கோபப்பட்டார். "ஏம்மா, சதை எடுக்க வாங்கன்னு சொல்லி எத்தனை நாளாச்சு? எத்தனை தடவை போன் பண்ணோம்? இது கேன்சரா இருக்கலாம்னு அவ்வளவு தெளிவாச் சொன்னேனே!"

கேன்சர் என்ற சொல்லை அவர்கள் ஊர் மனிதர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் ஆளைத் தேடிக்கொண்டு வந்துவிடுமோ என்று ஒரு பயம். அகபிட்டா அந்தச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து... எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ஜூலையிலேருந்து."

"ஜூலை..." அகபிட்டாவின் கணக்கு ஆகஸ்டில் போய் நின்றது. வாசலில் வைத்த பெட்டியில் போய் நின்றது. "அப்ப... அந்தப் புள்ளைய... அதுக்காகவாடி? ஐயோ, நான் என்னென்ன பேசினேன்! உன் வயித்தைப் பத்திப் பேசினேனேடி, என் நாக்கு அழுகிப் போகாதா!"

தோட்டத்து மண் அப்பிய முகத்தோடு அந்தப் பெரிய பொம்பளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றார்கள். ஃபெர்மினாதான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. நெனிதாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமும் கித்தியமும்! மொதல்ல நீ உள்ள போய்ப் படு. அந்த ஊசியைக் குத்திக்கோ."

குத்தினார்கள். தாசியோவுக்கு அன்றே தெரிந்தது. அவன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், கையைப் பிடித்தான், விடவே இல்லை. திட்டவும் இல்லை. "என்னையும் அனுப்பப் பாத்தியே..." என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். கூடத்துப் படுக்கையைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டான்.

முடிவு சொல்லக் கூப்பிட்டபோது மூவரும் போனார்கள். டாக்டரின் முகத்தில் சிரிப்பா சங்கடமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருந்தது.

"அம்மா, இது கேன்சர் இல்ல."

டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"பூஞ்சை. உங்க ஊர் மண்ணுல இருக்கற பூஞ்சைதான். தூசியோட மூச்சுல உள்ள போய் நுரையீரல்ல குடியிருந்திருக்கு. சில பேருக்கு ரத்தத்துல தெரியாது. படத்துல பாத்தா அச்சு அசலா கேன்சர் மாதிரியே நிக்கும், ஒளிரும். சதையை எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் முகத்தைக் காட்டும். அதுக்குத்தான் உடனே வாங்கன்னு சொன்னேன். மாத்திரை தர்றேன், மாசக்கணக்குல சாப்பிடணும். நீங்க சாகப் போறதில்ல."

"மண்ணா?" அகபிட்டா கத்தினாள். "வெறும் மண்ணா? நம்ம டெலானோ மண்ணா? அட நாசமாப் போற மண்ணே!" அவள் சிரித்தாள், அழுதாள், டாக்டரின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். தாசியோ எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

ஃபெர்மினா மட்டும் சிரிக்கவில்லை. சாகப் போவதில்லை என்று கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது பயம்.

"அப்ப நான் அவளை ஏன் அனுப்பினேன்?" என்றாள்.

செத்துப் போயிருந்தால் அது தியாகம். அந்தப் பெண் என்றாவது ஒரு நாள் தெரிந்துகொண்டு அழுதிருப்பாள், மன்னித்திருப்பாள். உயிரோடு இருந்துகொண்டு அந்த வார்த்தைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு வாரம் பொறுத்து, ஊசி குத்திக்கொண்டு, முடிவைக் கேட்டிருந்தால் போதுமே! தன் அம்மாவின் சாவைத் தன் சாவு என்று அவளாகவே தீர்மானித்துவிட்டாளே!

ஸ்டாக்டனுக்குப் போன் பண்ணினாள். எமில்டாதான் எடுத்தாள். "அண்ணி... உங்க பேரைச் சொன்னாலே எழுந்து போயிடறா. கட்டாயப்படுத்தினா ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டா. என்ன விஷயம், எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

"வேணாம். நானே சொல்லிக்கறேன்."

"போன்லயே எமில்டாகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றான் தாசியோ.

"அவ மூஞ்சியைப் பாத்துத்தாங்க அந்தப் பொய்யைச் சொன்னேன். உண்மையை மட்டும் இன்னொருத்தர் வாயால சொல்லி அனுப்பவா?"

மாத்திரை உடம்பில் பிடித்து, அவ்வளவு தூரம் உட்கார்ந்து போகத் தெம்பு வருவதற்குள் நவம்பர் பிறந்துவிட்டது. கல்லறைத் திருநாளன்று காலையில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி கூடத் தெரியாத பனி. தாசியோ ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். வழி முழுக்க ஃபெர்மினா, கதவை முகத்தில் சாத்தினால் என்ன செய்வது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே வந்தாள். சாத்தினால் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் உரிமை இருக்கிறது.

"நான் மட்டும் போறேன், நீங்க வண்டியிலயே இருங்க" என்று இறங்கினாள்.

வீட்டின் பக்கவாட்டில் அடுக்களைக் கதவு. வலைக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து எமில்டாவின் குரல் உச்சத்தில் கேட்டது.

"ஐயோ, என்னடி காரியம் பண்ணி வச்சிருக்கே? எங்கப்பாவுக்குப் படையல் வைன்னு சொன்னா... ஃபெர்மினா அண்ணி படத்தை யாருடி அங்க வைக்கச் சொன்னது? மெழுகுவத்தி வேற ஏத்தியிருக்கே! உயிரோட இருக்கறவங்களுக்குப் படையல் வச்சா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

"எடுடி அதை!"

"எடுக்க மாட்டேன். எனக்கு அவங்க செத்தாச்சு. செத்தவங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள் சோறு வைக்கணும்ல? வச்சிருக்கேன்."

ஃபெர்மினா வலைக்கதவின் வழியாகப் பார்த்தாள். ஜன்னலோர மேசையில் மாமனாரின் படம். அதன்முன் தேங்காய்ப்பால் விட்ட பலகாரம், வெற்றிலை பாக்கு, ஒரு சிகரெட். அதற்குப் பக்கத்தில் அவளுடைய படம். எந்தப் படம்? அவளும் நெனிதாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் பெண் தன் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை வைத்திருந்தாள். அதன்முன் ஒரு தட்டு. சுடுசோற்றில் கறுப்புக் காப்பியை ஊற்றி, மேலே வறுத்த கருவாடு ஒரு துண்டு. பட்டினி கிடந்த சின்ன வயதிலிருந்து ஃபெர்மினாவுக்கு அதுதான் உயிர். ஊரே கேலி செய்யும். கோபத்தில் படையல் வைக்கிறவள் வெறும் சோற்றை வைத்திருக்கலாமே! இவள் மெனக்கெட்டுக் காப்பி போட்டிருக்கிறாள். கருவாட்டின் முள்ளை எடுத்திருக்கிறாள்.

"சரி, வச்சே. படையல் வச்சா பேர் சொல்லிக் கூப்பிடணும்" என்றாள் எமில்டா ஆத்திரமாக. "கூப்பிடாம வச்ச சோத்துக்கு யாரும் வர மாட்டாங்க. எங்க, கூப்பிடு பாக்கலாம்! வருதா வாய் உனக்கு?"

நெனிதா மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் நிமிர்ந்தபடி இருந்தன, ஆனால் குரல் உடைந்துவிட்டது.

"அம்மா..." என்றாள். "அம்மா, வா... வந்து... வந்து சாப்பிட்டுட்டுப் போ..."

ஃபெர்மினா வலைக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

எமில்டா 'ஏசுவே' என்று அலறிக்கொண்டு பின்வாங்கினாள். நெனிதா வெளுத்துப் போனாள். இளைத்து, கன்னம் ஒட்டி, பனியில் நனைந்து நின்ற அந்த உருவம் நிஜமா, கூப்பிட்டதற்கு வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபெர்மினா அவளைத் தொடவில்லை. நேராக மேசைக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் நகர்த்திச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"அது... அது செத்தவங்களுக்கு வச்சது..." என்றாள் நெனிதா.

"தெரியும். எனக்குத்தானே வச்சே? கூப்பிட்டே, வந்துட்டேன்." இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயை எடுத்தவள் தட்டிலேயே வைத்தாள். "நான் செத்துடுவேன்னுதான் நினைச்சேன் கண்ணு. நெஞ்சுல கட்டின்னாங்க. அந்த வியாதின்னாங்க. எங்கம்மா கிண்ணத்தை நான் ஏந்தின மாதிரி நீ ஏந்தக் கூடாதுன்னு நினைச்சேன். நீ வெறுத்தாத்தான் போவேன்னு தெரியும். அதான் அப்படிச் சொன்னேன். எல்லாம் பொய். அலுத்துப் போச்சுன்னு சொன்னது பொய். வேணாம்னு சொன்னது பொய். அப்புறம் பாத்தா அந்த வியாதியே பொய்யாப் போச்சு... வெறும் மண்ணு. தோட்டத்து மண்ணு. மாத்திரை குடுத்திருக்காங்க."

பெண் கேட்டுக்கொண்டே நின்றாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை! அவளுக்கு வந்தது கோபம்.

"அப்ப நீ செத்துப் போயிருந்தா?" என்று கத்தினாள். "நிஜமாவே செத்துப் போயிருந்தா? நான் உன்னை வெறுத்துக்கிட்டே இங்க உக்காந்திருப்பேன், நீ அங்க செத்திருப்பே! ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பேனா நான்? கடைசியா உன் கையைப் புடிச்சிருப்பேனா? எனக்கு நல்லது பண்றேன்னு, என்கிட்ட இருந்து எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டியே! உங்கம்மாகிட்ட நீ இருந்தேல்ல? கடைசி வரைக்கும் இருந்தேல்ல? என்னை மட்டும் ஏன் விடல?"

இதை ஃபெர்மினா ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கிண்ணம், அந்த வாசனை, தட்டிவிட்ட கை... அவ்வளவையும் பட்டாலும், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தோம் என்ற ஒன்று மட்டும் இத்தனை வருஷமும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் இந்தக் குழந்தைக்கு இல்லாமல் செய்யப் பார்த்தாள்.

"தப்புதான்டா" என்றாள். "தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு."

ஒரு தாய் தன் பெண்ணிடம் கேட்கும் வார்த்தையா அது? கேட்டாள். கேட்டுவிட்டு அப்படியே குலுங்கினாள். அடுத்த கணம் நெனிதா அவள் மடியில் விழுந்திருந்தாள். பதினான்கு வயதுப் பெண் கைக்குழந்தையைப்போல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே சாகப் போறேன்னா மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்! எங்கிட்டதான் சொல்லணும்!" என்று முதுகில் குத்தினாள். குத்தக் குத்த ஃபெர்மினாவுக்கு இருமல் வந்தது, சிரிப்பும் வந்தது.

"சொல்றேன்டி, சொல்றேன்... மெதுவா அடி, உள்ள இருக்கற மண்ணெல்லாம் எழும்பப் போவுது."

நெனிதா எழுந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டைப் பார்த்தாள். "ஆறிப் போச்சு. வேற காப்பி போடட்டுமா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் அதே தட்டில் கைவைத்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "த்தூ... இதைப் போய் எப்படித்தான் திங்கறியோ!" என்றாள். ஆனாலும் இன்னொரு வாய் எடுத்தாள்.

எமில்டா அடுப்பங்கரையில் ஒதுங்கி நின்றிருந்தாள். கையில் ஒரு கரித்துணி. அதை முறுக்கிக்கொண்டே, தன் வயிற்றில் பிறந்த பெண் இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிட்டு அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மூன்று மாதத்தில் அந்தச் சொல்லை ஒருமுறையாவது கேட்டிருப்பாளா? பாவம், ஒருமுறை கூட இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தக் கரித்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் இருக்கிற வீட்டில் ஒருத்தி மட்டும் ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று ஃபெர்மினாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏன்டி அங்க நிக்கறே? நீ பெத்தவ, நான் வளத்தவ, ரெண்டு பேருக்கும் நடுவுல அவ உக்காரட்டும். வா எமில்டா, நீயும் வந்து ஒரு வாய் தின்னு."